சாவி வீடு என்று தேடினால்

மேஜைமேல் ணங்கென்று வந்து விழுந்தது ஒரு பூட்டு. அதைப் பார்த்ததுமே 'சாவி வீடு' கடைக்காரி பூட்டக்காவுக்கு வயிறு எரிந்தது. நல்ல கனமான பித்தளைப் பூட்டு. சாவி நுழைகிற இடத்தில் டிரில்லைப் போட்டுக் குதறி வைத்திருந்தார்கள். ஜென்ம விரோதிகூட ஒரு பூட்டை அப்படிச் செய்ய மாட்டான்.

"இதுதான் நீங்க வேலை செய்யிற லட்சணமா?" என்றார் பூட்டைப் போட்டவர். பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். முகம் சிவந்து கிடந்தது.

"யாருங்க இதைச் செஞ்சது?"

"நல்லா கேட்டீங்க போங்க! நேத்து உங்க ஆள்தானே வந்து ஷட்டரைத் தொறந்தான்? பூட்டையும் உடைச்சு, ஷட்டரையும் நெளிச்சு, கூலின்னு ஒண்ணு கேட்டான் பாருங்க, என் கடை மாத்திரையை நானே எடுத்துப் போட்டுக்க வேண்டியதாப்போச்சு."

"என்கிட்ட ஆளே கிடையாதுங்க. எந்தக் கதவா இருந்தாலும் நான்தான் வருவேன். இந்தத் தெருவையே கேட்டுப் பாருங்க."

"போன்ல கேட்டேனே, சாவி வீடுதானேன்னு? ஆமாங்க, சொல்லுங்கன்னு ஒரு பொண்ணு சொல்லுச்சே?"

"எந்த நம்பருக்குப் போட்டீங்க? காட்டுங்க."

அவர் போனை எடுத்து, பூட்டக்காவின் கண்ணெதிரிலேயே 'சாவி வீடு' என்று தட்டித் தேடினார். முதலில் வந்து நின்றது, கொட்டை எழுத்தில்: 'சாவி வீடு தேடுறீங்களா? இதோ வந்துட்டோம்!' அதன் தலைமேல் 'விளம்பரம்' என்று ஒரு சொல் இருந்தது. எறும்புக்குக் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத அளவு. அடியில் இருந்த நம்பர் அவளுடையது இல்லை. அவளுடைய கடை அதற்குக் கீழே, விரலால் ஒருமுறை தள்ளினால்தான் தெரிகிற இடத்தில் கிடந்தது. பூட்டு மாட்டிக்கொண்டு தெருவில் நிற்கிறவன் கீழே வரைக்கும் தள்ளிப் பார்ப்பானா? முதலில் கண்ணில் படுகிறதைத் தட்டுவான். மருந்துக்கடைக்காரரும் அதைத்தான் செய்திருந்தார்.

"இது நான் இல்லீங்க. இது என் தம்பி."

"தம்பியோ தும்பியோ, உங்க கடை பேரைப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். நெட்ல உங்க கடை பேருக்குக் கீழ ஒத்தை நட்சத்திரம் போட்டு எழுதியும் வெச்சுட்டேன். எழுதினது எழுதினதுதான், என் பூட்டு போனது போனதுதானே?"

குதறின பூட்டை அங்கேயே விட்டுவிட்டு அவர் போய்விட்டார். சொல்லுங்கள், இதற்குக் கோபம் வருமா வராதா?

சாவி வீடு என்பது ஒரு சின்ன அறை. சுவர் முழுக்க வெட்டப்படாத சாவிகள், ஓரத்தில் சாவி வெட்டும் இயந்திரம், இரண்டு ஸ்டூல். ஒரு ஸ்டூல் அவளுடையது. இன்னொன்றில் முன்பெல்லாம் தம்பி உட்கார்ந்திருப்பான். பிறந்ததிலிருந்தே எதிலும் முன்னால் போய் நிற்கிறவன். குரூப் போட்டோவில் முதல் ஆள், பந்தியில் முதல் இலை. வீட்டில் அவனுக்கு முந்திரிக்கொட்டை என்றே பேர். பூட்டுக் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்துத் தொழில் கற்றவள் அவள். அந்தத் தொழிலை ஊருக்குத் தெரிய வைத்தவன் அவன். கடையை இணைய வரைபடத்தில் ஏற்றினான், படம் எடுத்துப் போட்டான், நட்சத்திரம் போட்டவர்களுக்கெல்லாம் நன்றி எழுதினான். அவன் இல்லாவிட்டால் தெருமுனைக்கு அப்பால் அவளை ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. இதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. அதனால்தான் கோபம் இரட்டிப்பாக வந்தது.

ஒருநாள் அவன் ஸ்டூலை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு யோசனை சொன்னான். "அக்கா, பூட்டைத் தொறக்கறதுல என்ன இருக்கு? வெளியில மாட்டிக்கிட்டவன் முதல்ல கண்ணுல படறவனைத்தான் கூப்பிடுவான். அந்த முதல் இடத்தை மட்டும் நாம பிடிச்சு வெச்சுக்குவோம். வர்ற போன் கால் எல்லாத்தையும் வித்துடுவோம். நீ கையில எண்ணெய் பட உட்கார வேண்டியதே இல்ல."

"வித்துட்டா, அந்த வீட்டுக்குப் போறவன் யாரு?"

"எவனோ ஒருத்தன். டிரில் வெச்சிருந்தா சரி."

"எவனோ ஒருத்தனை அடுத்தவங்க வீட்டு வாசலுக்கு அனுப்பறதா? உனக்கு மூளை கீளை பிசகிப்போச்சா?"

பேச்சு வளர்ந்தது. அன்றைக்கு எழுந்து போனவன்தான். கொஞ்ச நாளில் 'அவசரக் கதவு' என்று ஒரு கம்பெனியை ஆரம்பித்தான். ஆரம்பித்துக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் விளம்பரத்துக்கு வார்த்தை வாங்கினான் பாருங்கள். யார் எந்த வார்த்தையைத் தேடினால் தன் விளம்பரம் வர வேண்டும் என்று காசு கட்டி வாங்கலாமாம். உலகத்தில் எத்தனையோ வார்த்தை இருக்க, அவன் வாங்கினது 'சாவி வீடு'. கூடப் பிறந்தவள் கடையின் பேரை.

பூட்டுக்காரிக்குப் பேர் என்பது சும்மா இல்லை. ராத்திரி பகல் பாராமல் முன்பின் தெரியாத ஒருத்தியை, 'வா, வந்து என் வீட்டுக் கதவைத் திற' என்று கூப்பிடுகிறார்கள் என்றால் அந்தப் பேரை நம்பித்தான் கூப்பிடுகிறார்கள். அது போனால் அவள் கையில் இருப்பது திருடனுடைய சாமான்தான். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் தேடுபொறிக் கம்பெனிக்குப் புகார் எழுதினாள். எழுதின மறுநிமிடமே பதில் வந்தது. வார்த்தையை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று இழுத்து இழுத்துச் சொல்லிவிட்டு, 'இந்தப் பதில் உங்களுக்கு உதவியாக இருந்ததா?' என்று கீழே ஒரு கேள்வி வேறு. போனைச் சுவரில் அடிக்காமல் விட்டது பெரிய விஷயம்.

அப்புறம் ஒரு விளம்பரக்காரப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இப்ப டிரெண்டே ரீல்ஸ்தான்கா. ஒரு பாட்டைப் போட்டு, சாவியைச் சுத்திக்கிட்டே நீங்க ரெண்டு ஸ்டெப் போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்" என்றான்.

"தம்பி, எனக்கு முட்டி வலி" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

குடும்பத்துக்கு ஒரு வாட்ஸாப் குரூப் உண்டு. 'நம்ம ஆளுங்க' என்று பேர். முந்திரிக்கொட்டை சண்டை போட்ட அன்றே அதிலிருந்து வெளியேறியிருந்தான். குதறின பூட்டைப் படம் எடுத்து அதில் போட்டாள் பூட்டக்கா. குடும்பமே கொதித்தது. பெரிய மாமா களத்தில் இறங்கினார். ஏதோ ஒரு ஆபீஸில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"யாரும் கவலைப்படாதீங்க. நான் விசாரிச்சுட்டேன்" என்று குரலைப் பதிந்து அனுப்பினார். "அந்த விளம்பரத்தை ஒவ்வொரு தடவை தட்டும்போதும் அவன் கைக்காசுதான் போகும். நம்ம ஆளுங்க இத்தனை பேர் இதே ஊர்ல இருக்கோம். தினம் காலையில எழுந்ததும் சாவி வீடுன்னு தேடணும், அவன் விளம்பரத்தைத் தட்டணும். பயலோட கஜானாவைக் காலி பண்ணுவோம்."

அன்றிலிருந்து ஆரம்பித்தது அந்தக் கூத்து. மாமா தட்டினார், மாமி தட்டினாள், அத்தை தட்டினாள், அத்தை பேரன் பள்ளிக்கூட வேன் வருவதற்குள் தட்டினான். பல் தேய்ப்பது போல இதுவும் ஒரு வேலையாகிவிட்டது. 'தட்டியாச்சு' என்று குரூப்பில் வரிசையாக வந்து விழும். சித்தி எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். தட்டிவிட்டு உடனே வெளியே வராமல் அவன் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தும் பார்த்தாள். 'பாவி, நல்லாத்தான் எழுதியிருக்கான்' என்று குரூப்பில் போட, மாமா அவளைக் கண்டித்தார். பூட்டக்காவும் தட்டினாள். காலையில் ஷட்டரை ஏற்றியதும் முதல் வேலை அதுதான். தட்டும்போது அவன் மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்த திருப்தி இருந்தது. அந்தத் திருப்தியை இல்லை என்று சொல்லிப் பயனில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் முந்திரிக்கொட்டை ஒருநாள் கடைவாசலில் வந்து நின்றான். புதுச் சட்டை. கையில் ஒரு கேக் பெட்டி.

"எங்க வந்தே?"

"நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்க்கா."

"நன்றியா? எதுக்கு?"

"தினம் காலையில குடும்பத்தோட உட்கார்ந்து தட்டறீங்கல்ல, அதுக்கு." பெட்டியை மேஜைமேல் வைத்தான். "எல்லாம் எனக்குக் கணக்குல தெரியும்க்கா. எந்த ஏரியா, எந்த நேரம், எவ்வளவு நேரம் படிக்கிறாங்கன்னு. சித்தி ஏரியாவிலேர்ந்து ஒருத்தங்க வரி விடாம படிக்கிறாங்க."

பூட்டக்காவுக்கு முகம் சுண்டியது. "உன் காசு கரைஞ்சா சரிதான்."

அவன் சிரித்தான். "அங்கதான் கோட்டை விட்டுட்டீங்க. சாவி வீடுன்னு தேடறவங்க எல்லாம் என் விளம்பரத்தைத் தட்டறாங்க. தட்டிட்டு உள்ள உட்கார்ந்து படிக்கவும் செய்யிறாங்க. அதைப் பார்த்தா மெஷின் என்ன நினைக்கும்? ஓஹோ, இந்தப் பேரைத் தேடறவங்களுக்கு வேண்டியது இவன்தான் போலன்னு நினைக்கும். முந்தியெல்லாம் எப்பவாவதுதான் மேல வருவேன். இப்ப எப்பத் தேடினாலும் நான்தான் முதல்ல. செலவும் குறைஞ்சிடுச்சு. நீங்க போட்ட ஏணிக்கா இது."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கேக் பெட்டியை எடுத்துத் தெருவில் வீசினாள். கூடவே வாய்க்கு வந்ததையெல்லாம் வீசினாள். "வெளிய போடா! நான் பெத்த பிள்ளை மாதிரி உன்னைப் பார்த்தேனே, என் புத்தியைச் சொல்லணும்!" அவன் சட்டையில் ஒட்டின கிரீமைத் துடைத்துக்கொண்டு போனான். சிரிப்பு மட்டும் போகவில்லை.

குரூப்பில் உடனே எழுதினாள்: 'யாரும் தட்டாதீங்க. தட்டத் தட்ட அவன்தான் மேல வர்றான்.'

குடும்பம் கேட்கவேண்டுமே! மாமாவின் குரல் வந்தது. "அடப் பைத்தியமே, அவன் சொன்னா நம்பிடுவியா? வலிக்கலைன்னா எதுக்கு நேர்ல ஓடி வர்றான்? நம்ம அடி அவனுக்கு விழுந்திருக்கு. அதான் நிறுத்த வைக்கப் பார்க்கிறான். இனிமேதான் நாம விடக்கூடாது. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு!" குரூப்பில் கைதட்டல் பொம்மைகளாக விழுந்தன.

பூட்டக்கா யோசித்தாள். அவன் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசுக்கு அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. மறுநாள் ஷட்டரை ஏற்றினாள். போனை எடுத்தாள். கேக் பெட்டி நினைவுக்கு வந்தது. நாசமாய்ப் போக என்று ஓங்கித் தட்டினாள்.

அன்றைக்கேதான் நடந்தது. முற்பகல். ஒரு அலமாரிப் பூட்டுக்கு சாவி ராவிக்கொண்டிருந்தாள். தெரியாத நம்பரிலிருந்து போன்.

"சாவி வீடா? இது வேற சாவி வீடா, அதே சாவி வீடா?" ஒரு அம்மாள் பதற்றமாகக் கேட்டாள்.

"ஒரே சாவி வீடுதாங்க. என்ன விஷயம்?"

"உங்க ஆள் இங்க வந்து பூட்டைக் கெடுத்து வெச்சிருக்கான். டிரில்லு உள்ளயே ஒடிஞ்சு போச்சு. குழந்தை உள்ள இருக்கு, அடுப்பு வேற எரியுது! நானா கீழ தள்ளிப் பார்த்தா இன்னொரு நம்பர் இருந்துச்சு, அதான் கூப்பிடறேன்..."

அந்தக் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் அழுதுகொண்டிருந்தது. 'பாப்பா, அடுப்புகிட்டப் போகாதம்மா, அம்மாகிட்டயே நில்லும்மா' என்று. பூட்டக்காவின் கையிலிருந்த அரம் கீழே விழுந்தது. அது தம்பி பொண்டாட்டியின் குரல்.

பையை எடுத்தாள், வண்டியை எடுத்தாள். கடையைப் பூட்டினாளா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. சிக்னலில் நிற்கும்போது தம்பிக்குப் போட்டாள். கட் செய்தான். மறுபடியும் போட்டாள். மறுபடியும் கட் செய்தான். திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பான், கடங்காரன். போனில் குரலைப் பதிந்து அனுப்பினாள்: "டேய், உன் வீட்டுக்குப் போயிட்டிருக்கேன். பாப்பா உள்ள மாட்டிக்கிச்சு. எங்க இருந்தாலும் ஓடி வா."

இரண்டாவது மாடி நடைகூடத்தில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். வாசலில் வந்த பார்சலை வாங்கத் தம்பி பொண்டாட்டி ஒரு எட்டு வெளியே வந்திருக்கிறாள். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிற கதவு. சாவி உள்ளே, போன் உள்ளே, மூன்று வயசுப் பெண் உள்ளே, அடுப்பில் பால். எதிர்வீட்டம்மாளின் போனை வாங்கிப் புருஷனுக்குப் போட்டிருக்கிறாள். தெரியாத நம்பரை அவன் எடுக்க மாட்டானாம். தெரியாத நம்பரிலிருந்து வருகிற அழைப்பை விற்றுச் சாப்பிடுகிறவன்!

"அண்ணி!" ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க நம்பர் எனக்கு மனப்பாடமா இல்ல அண்ணி. அதான் சாவி வீடுன்னு தேடச் சொன்னேன். சாவி வீடுதானேன்னு கேட்டேன், ஆமான்னாங்க. சண்டையா இருந்தா என்ன, அண்ணி ஆளு வந்துடுவாங்கன்னு நம்பி அசையாம நின்னேன். இவரு வந்து இப்படிப் பண்ணிட்டாரே..."

'இவர்' கதவருகே டிரில்லோடு நின்றிருந்தார். சின்ன வயசுதான். வியர்த்து ஊற்றியது. பூட்டக்கா குனிந்து பார்த்தாள். சாவித்துவாரத்துக்குள் முறிந்த டிரில் கம்பி. அது போதாதென்று கதவிடுக்கில் ஸ்குரூடிரைவரை விட்டு அடித்து, தாழின் நாக்கையும் வளைத்து வைத்திருந்தான். வெறுமனே சாத்திக்கொண்ட கதவு. ஒரு பிளாஸ்டிக் தகட்டை இடுக்கில் விட்டு நெம்பினால் வாயைத் திறந்திருக்கும். இனி அது முடியாது.

"யாருடா உனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்லக்கா. பெயிண்ட் அடிக்கிற வேலை பார்த்தேன். போன் வந்தா போய் டிரில் போடு, சாவி வீட்லேர்ந்து வர்றேன்னு சொல்லுன்னாங்க."

அறையலாம் என்று கை எழும்பியது. அதற்கு நேரம் இல்லை. நடைகூடத்துப் பக்கம் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். உள்ளே சோபாமேல் ஏறி நின்றுகொண்டு, இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் பதித்து அழுதுகொண்டிருந்தது குழந்தை. அதன் பின்னால் அறை மங்கலாக இருந்தது. பால் தீய்ந்து, பாத்திரம் தீய்ந்து, அடுப்படியிலிருந்து கறுப்பாகப் புகை வந்துகொண்டிருந்தது.

"கண்ணாடியை உடைக்கலாம்னா பாப்பா அங்கேயே நிக்குதுங்க. நகர மாட்டேங்குது" என்றாள் எதிர்வீட்டம்மாள்.

அம்மா முகம் தெரிகிற இடத்தை விட்டு எந்தக் குழந்தை நகரும்? பூட்டக்கா தம்பி பொண்டாட்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவர் மறைவில் நிறுத்தினாள். "நீ தெரியக்கூடாது. உன்னைப் பார்த்தா நகராது." பிறகு கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டாள். "பாப்பா! அத்தைடா! அத்தையைத் தெரியுதா?"

குழந்தை விழித்தது. அத்தையைப் பார்த்து எவ்வளவு காலம்! சண்டைக்குப் பிறகு அவள் இந்தப் படி ஏறினதே இல்லை. 'தெரியாது' என்பது போலத் தலையை ஆட்டியது.

அந்தத் தலையாட்டல் அவளை எங்கேயோ குத்தியது. குரலை மட்டும் விடவில்லை. "தெரியலையா? சரி, போ. உன் பொம்மைக்காவது தெரியுதான்னு கேட்கறேன். படுக்கிற ரூம்ல இருக்கில்ல, போய்த் தூக்கிட்டு வா பார்ப்போம். ஓடு, ஓடு!"

குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தது. சோபாவிலிருந்து வழுக்கி இறங்கியது. படுக்கையறைக்குள் அது மறைந்த அதே நொடியில் பூட்டக்கா பையிலிருந்து சுத்தியலை உருவினாள். கீறல் விழாமல் திறப்பதுதான் அவள் பெருமை. 'கதவுக்கே தெரியாம தொறப்பா' என்று தெருவில் சொல்வார்கள். அவள் ஓங்கி அடித்தாள். கண்ணாடி கொட்டியது. சட்டத்தில் நின்ற சில்லுகளைத் தட்டிவிட்டு, பையை விரித்துப் போட்டு, வலிக்கிற முட்டியோடு உள்ளே ஏறிக் குதித்தாள். முழங்கையில் கிழித்துக்கொண்டது. ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த கைத்துணியின் ஓரம் பொசுங்க ஆரம்பித்திருந்தது. அதை இழுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள்.

குழந்தை பொம்மையோடு வந்து நின்றது. "பொம்மைக்கும் தெரியலையாம்" என்றது இருமிக்கொண்டே.

அவள் அதை வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்ற கையால் பூட்டின் திருகாணிகளைக் கழற்றினாள். பூட்டு கையோடு வந்துவிட்டது. கதவு திறந்தது. தாய் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் படியேறி ஓடிவந்தான் முந்திரிக்கொட்டை. குழந்தையைத் தூக்கப் போனான். அது அம்மாவின் கழுத்தை விடவில்லை. கதவைப் பார்த்தான், டிரில்லோடு நின்றவனைப் பார்த்தான். எல்லாக் கோபமும் அவன்மேல் பாய்ந்தது. சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "எந்த நாய்டா உன்னை அனுப்புச்சு?"

"அவசரக் கதவுலேர்ந்து சார்" என்றான் அவன்.

சட்டையைப் பிடித்த கை மெதுவாக விட்டது. தம்பி பொண்டாட்டி தலையைத் தூக்கினாள். "அவசரக் கதவா? அது உங்க ஆபீஸ் இல்ல?"

"அது... ஏதோ தப்பா வந்திருக்கு. நான் அப்புறம் விசாரிக்கிறேன்..."

"போனை எடு" என்றாள் பூட்டக்கா. முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, இப்ப எதுக்கு..."

"எடுடா! என் கடை பேரைத் தேடு."

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தேடினான். முதலில் அதுவே வந்து நின்றது: 'இதோ வந்துட்டோம்!'

"தட்டு. கூப்பிடு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி வை."

மணி முழுசாக ஒருதரம்கூட அடிக்கவில்லை. "வணக்கம், சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல். தம்பி பொண்டாட்டி பிள்ளையோடு எழுந்து வந்து போனருகே குனிந்தாள்.

"சாவி வீடுதானே?"

"ஆமாங்க மேடம், சாவி வீடுதான். பதறாதீங்க. நம்ம ஆள் கிளம்பிட்டாரு. உள்ள யாராவது இருக்காங்களா?"

அவன் சட்டென்று அணைத்தான்.

"இதே பொண்ணுதான்" என்றாள் அவன் மனைவி. அழுகை எங்கே போயிற்றோ, குரல் காய்ந்துபோயிருந்தது. "குழந்தை உள்ள இருக்குன்னு இதே பொண்ணுகிட்ட அழுதேன். பதறாதீங்கன்னுச்சு. அண்ணி பேரைச் சொல்லுச்சு, நம்பிட்டேன். உங்க பேரைச் சொல்லியிருந்தா அப்பவே கண்ணாடியை உடைச்சிருப்பேன்."

பூட்டக்காவின் பையிலிருந்து அவள் போன் சிணுங்கியது. கீழே கிடந்த பையிலிருந்து கண்ணாடிச் சில்லோடு அதை எடுத்தாள். குரூப்பில் பெரிய மாமா: 'நானும் மாமியும் தட்டியாச்சு. மத்தவங்க?'

மறைத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அவளுக்கு அப்போது தன்மேலேயே எரிந்துகொண்டு வந்தது. போனைத் தம்பி பொண்டாட்டியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதையும் பார்த்துக்கோ. இவனை மேல ஏத்திவிட்டது நாங்கதான். வேண்டாம்னு தெரிஞ்சே இன்னைக்குக் காலையில நானும் தட்டினேன். ஆத்திரம், கண்ணை மறைச்சிடுச்சு."

அவள் அதைப் படித்தாள். அண்ணியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"முதல்ல இந்தக் கதவுக்கு ஒரு பூட்டைப் போடுங்க அண்ணி" என்றாள். "அப்புறம் ரெண்டு பேரும் கிளம்புங்க."

பூட்டக்கா வேலையில் இறங்கினாள். பையில் புதுப் பூட்டு ஒன்று இருந்தது. கண்ணாடி போன ஜன்னலுக்கு எதிர்வீட்டம்மாள் ஒரு பலகையைக் கொண்டுவர, டிரில்காரன் அதைப் பிடித்துக்கொள்ள, நாலு ஆணி அடித்து மூடினாள். தம்பி திருகாணிகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். அவள் அவற்றைத் தொடாமல் பையிலிருந்து வேறு எடுத்துக்கொண்டாள். பூட்டைப் பொருத்தித் திருகிப் பார்த்து, இரண்டு சாவிகளையும் தம்பி பொண்டாட்டியிடம் கொடுத்தாள். அவன் ஒன்றுக்காகக் கையை நீட்டினான். அவள் இரண்டையும் ஒரே கையில் மூடிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். புதுப் பூட்டு நல்ல பூட்டு. விழுந்த சத்தம் கச்சிதமாகக் கேட்டது.

கூட்டம் கலைந்தது. டிரில்காரன் எப்போது போனான் என்றே தெரியவில்லை. முந்திரிக்கொட்டை கதவைத் தட்டினான், பேரைச் சொல்லிக் கூப்பிட்டான், கெஞ்சினான். உள்ளேயிருந்து குழந்தையின் இருமல் மட்டும் கேட்டது. பூட்டக்கா சுத்தியலைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு படியை நோக்கி நடந்தாள்.

"அக்கா" என்றான் பின்னாலிருந்து. "உன்கிட்ட இன்னொரு சாவி இருக்குமில்ல? கொஞ்சம் தொறந்து விடுக்கா."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போனை எடுத்துத் தேடு. முதல்ல யாரு வர்றாங்களோ அவங்களைக் கூப்பிடு."